பூஜ்யமா, ஒன்றா

மார்ச் 4

அன்புள்ள கதவுக்காரருக்கு,

நலம். போனில் பேசினால் மறுபடி சண்டைதான் வரும், அதனால் கடிதம். இந்தக் கிளைக்கு மாற்றல் வாங்கி வந்தும் உங்கள் கதவு என்னை விடவில்லை.

நம் கம்பெனியின் புது வேன் மோதினால் என் காற்றுப்பை மென்பொருள் சேதி அனுப்ப வேண்டும். உங்கள் மென்பொருள் கதவைத் திறக்க வேண்டும். மோதலுக்குப் பூஜ்யம், மற்ற நேரம் ஒன்று என்கிறேன் நான். ஒயர் அறுந்தாலும் பூஜ்யம்தான் போகும், உள்ளே இருப்பவர் தப்பிக்கலாம். நீங்களோ தலைகீழாகக் கேட்கிறீர்கள். ஒயர் கழன்றதற்கெல்லாம் ஓடும் வண்டியில் கதவு திறக்கக் கூடாதாம். இதற்கு எத்தனை கூட்டம்! வீட்டில் போட்ட சண்டை போதாதா?

சாலைச் சோதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அண்ணன்தான் பின்னால் உட்கார்ந்து மீட்டர் பார்க்கப் போகிறானாம். அவனைச் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள்.

உங்கள் காற்றுப்பைக்காரி

மார்ச் 19

என் அன்புக்குரியவளுக்கு,

சாலைச் சோதனையில் மச்சானுக்கு இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிவு. உயிருக்குப் பயமில்லை. அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன்.

வண்டி வேகம் எடுத்த பிறகுதான் கதவு உன் சேதியைப் படிக்கும். படித்தது பூஜ்யம். எதிலும் மோதாமலே கதவு திறந்து, வளைவில் அவர் வெளியே விழுந்தார்.

உன் விருப்பப்படி பூஜ்யத்தையே மோதலாக மாற்றியிருந்தேன். நீ வந்ததும் சொல்லி அசத்தலாம் என்று மூச்சு விடவில்லை. நீயும் எனக்காக மோதலுக்கு ஒன்று, மற்ற நேரம் பூஜ்யம் என்று மாற்றியிருப்பாய் எனக் கனவிலும் நினைக்கவில்லை, அசடே.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தா என் கால் தப்பிச்சிருக்கும் மாப்ள" என்றார் மச்சான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இனி எதையும் மறைக்க மாட்டேன். வந்துவிடு.

உன் கதவுக்காரன்

மார்ச் 27

அன்புள்ளவருக்கு,

அண்ணனை வந்து பார்த்தேன், நீங்கள் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

கோபமில்லை. எனக்காக நீங்கள் இறங்கி வந்தீர்களே என்று மனசு கரைந்துபோனது. ஆனால் நான் இங்கே வந்ததும் இப்படித்தானே? உங்களுக்கு நிம்மதி வேண்டும் என்று நானாக நினைத்து மாற்றல் கேட்டேன். எனக்குப் போகத்தான் ஆசை என்று நீங்களாக நினைத்துத் தடுக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் தடுத்திருந்தால் இருந்திருப்பேன்.

அண்ணனால் புரண்டு படுக்க முடியவில்லை. நம் இருவருக்கும் நடுவில் இன்னோர் உயிரை உட்கார வைக்க எனக்குத் தைரியமில்லை. பிள்ளை வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டதும் தெரியும்.

நான் வரவில்லை. இதையாவது உங்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
நான்