பெடலுக்குப் பின்னால் நீ வைத்த போல்ட்

என் அருமைத் தம்பி இசக்கிமுத்துவுக்கு,

எங்கிருந்தாலும் சற்று உட்கார்ந்து கேள். நின்றபடி கேட்கக்கூடிய செய்தி அன்று இது. சென்ற வியாழக்கிழமைதான் இதைக் கண்டுபிடித்தேன்.

நீ கண்மூடி ஐந்து மாதங்கள் ஆகின்றன. கரமனையில் உள்ள ஷெட்டில் நாம் இருவரும் கட்டிய சிவப்புக் கார் தார்ப்பாயின் கீழ் அப்படியே நின்றிருந்தது. மழைக்கு ஒதுங்கிய எலியொன்று உள்ளே புகுந்து, கால் வைக்கும் இடத்துக்கு முன்னுள்ள தகட்டில் நீ ஒட்டியிருந்த கம்பளத்தைக் கடித்துக் குதறிவிட்டது. புதியது ஒட்டலாமென்று பழையதை உரித்தேன். ஆக்சிலரேட்டர் பெடலுக்குப் பின்னால், அந்தத் தகட்டில் ஒரு நட்டு வெல்டு வைக்கப்பட்டு, அதிலிருந்து ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. பெடல் முழுதும் இறங்குவதற்கு முன்பே அதில் முட்டி நின்றுவிடுகிறது. வெல்டிங் உன் கை. எனக்குத் தெரியாதா?

கையால் மீண்டும் மீண்டும் பெடலை அழுத்திப் பார்த்தேன்.

இரும்புக் குழாய்ச் சட்டகம், ஃபைபர் கூடு, இரண்டே இருக்கைகள். நான்கு பேர் கூடினால் முன்பக்கத்தைத் தூக்கிவிடலாம், அவ்வளவு இலேசான வண்டி. அதற்குப் பழைய சிறு காரொன்றின் எண்ணூறு சிசி என்ஜின். பெரிய என்ஜின் வைத்தால் எடை கூடும். எடை கூடினால் அது நம் வண்டியே அன்று என்பதில் நாம் இருவரும் ஒருமனம். ஆகவே இருக்கும் என்ஜினிலிருந்தே கூடுதல் வலுவை வரவழைப்பது என் பொறுப்பாயிற்று. "என்ஜின் உனக்கு, பாடி எனக்கு. அதிர்த்தி தாண்டப்பிடாது, கேட்டியாக்கா" என்று முதல் நாளே எல்லை வகுத்தவன் நீ. அந்த எல்லையை நான் ஒருநாளும் மீறவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். சாலைக் கடைவீதியில் அப்பாவின் இரும்புக்கடையில் அமர்ந்து, ஒரு கையில் அகராதியும் மறு கையில் ஆங்கில என்ஜின் கையேடுமாகக் கற்றவள். சிலிண்டர் ஹெட்டின் காற்று வழிகளை அகலப்படுத்தி மெருகேற்றினேன். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினேன். கார்பரேட்டரை மாற்றினேன். எனினும், வேளிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் அந்தத் தொழிற்சாலை வளாகத்தில் அனுமதி பெற்று ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம், வலு சிறிது கூடியதே தவிர, வரவேண்டிய அளவு வரவில்லை. மும்முறை ஹெட்டைக் கழற்றினேன். மும்முறையும் நீ அருகில் குந்தியிருந்து, "சாரமில்லக்கா, அடுத்த தடவ செரியாவும்" என்று தேற்றினாய்.

என் பிழையும் உண்டு. கார்பரேட்டர் முழுதும் திறக்கிறதா என்பதை என்ஜின் பக்கம் நின்று கையால் இழுத்தே சோதித்தேன். பெடலை மிதித்துச் சோதிக்கவில்லை. பெடல் உன் எல்லை அல்லவா? தம்பியின் வேலையைச் சந்தேகிப்பது அழகன்று என்று எண்ணினேன்.

உன் மனைவியை அழைத்துக் காட்டினேன். பிரேமா தேநீர்க் குவளையை மெல்லக் கீழே வைத்தாள்.

"தெரியும் மைனி. அவியளுக்குப் பேடி, ஒரே பயம். வண்டிக்கு வெயிட்டே இல்ல, எங்கக்கா பெடல ஒரு சவுட்டு சவுட்டுனா பறந்திரும், பொறவு நான் யார்ட்ட போய்ச் சண்ட பிடிக்கன்னு சொல்லுவாவ."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேக்கிற ஆளா நீங்க?"

அதைக்கூடத் தாங்கியிருப்பேன், இசக்கி. போல்ட்டின் மரையில் மூன்று வெள்ளைப் பெயின்ட் கோடுகள் இருந்தன. அவை எதற்கு என்று கேட்டேன். நான் ஹெட்டைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், நீ அந்தப் போல்ட்டைச் சிறிது உள்ளே திருகி, பெடலுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாய். "ஒண்ணுமே கூடலைன்னா நீங்க வாடிருவியன்னு, கொஞ்சமா விட்டுக்குடுத்ததாக்கும்" என்றாள்.

அப்படியானால் நான் கண்ட முன்னேற்றத்தில் எது என் உழைப்பு, எது உன் இரக்கம்? ஒவ்வொரு முறையும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேனே, கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே! எந்த முகத்தோடு நின்றாய்?

ஞாயிறு காலை போல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியை வேளிக்குக் கொண்டுபோனேன். நிறுத்துகடிகாரம் பிரேமாவின் கையில். என் உழைப்புக்கு ஏதேனும் பொருள் உண்டா என்பதை அறியாமல் இனி ஒரு ஸ்பேனரையும் தொடுவதில்லை என்ற முடிவோடு பெடலை மிதித்தேன்.

என்னென்று எழுதுவேன்? முதுகு இருக்கையில் அறைந்தது. ஓசையே வேறு. மூன்று சிலிண்டர்களும் ஒரே குரலில் அலறின. நான் ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் மட்டும் கண்ட வலு அது, தம்பி. மகிழ நேரமில்லை, மதில் எதிரே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிச் சென்று, மதிலுக்கு ஒரு முழம் முன்பு நின்றது.

"மைனி! என் ஜீவனே போயிட்டு!" என்று ஓடிவந்தாள் பிரேமா. எத்தனை விநாடி என்றேன். கடிகாரத்தை நிறுத்தவே மறந்திருந்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "கூடிட்டு மைனி, நல்லாக் கூடிட்டு" என்று அழுதாள்.

என் என்ஜினில் குறையில்லை. ஆனால் நீ பொருத்திய அந்த பிரேக் என் என்ஜினுக்குப் போதாது. அது உனக்கு முன்பே தெரியுமா? அதை என்னிடம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் போல்ட் வைத்தாயா? அல்லது பிரேமா சொல்வதுபோல் வெறும் அச்சம்தானா? இதற்கு விடை தராமல் போய்விட்டாயே.

உன் மீது எனக்குள்ள சினம் இன்னும் தீரவில்லை. தீராமலே ஒரு வாக்குத் தருகிறேன். நீ வகுத்த எல்லையை இனி தாண்டுவேன். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தக் கற்றுக்கொள்வேன், மீண்டும் அகராதியிலிருந்து தொடங்கி. அந்த வேலை முடியும்வரை பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்கமாட்டேன். இப்போது அதன் பின்னால் தடுப்பு ஏதுமில்லை. என் சொல் மட்டுமே இருக்கிறது. அதை நீ நம்பியிருக்கலாம்.

உன்னோடு இன்னும் சண்டை முடியாத,
உன் மூத்தவள்,
வடிவு அக்கா