ஜிம்மிக்கு வெங்காயம் வேண்டாம்

சைப்பிரஸ், மாசி 2006

அன்புள்ள மச்சான்,

நான் சுகம். உங்கள் சளி குறைந்ததா?

போன கிழமை நான் வேலை செய்யும் வீட்டு நாய்க்கு நம் ஊர் முறையில் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கீரை சுண்டிக் கொடுத்துவிட்டேன். மிருக வைத்தியரிடம் ஓட வேண்டியதாயிற்று. வெங்காயம் நாய்க்கு நஞ்சாம். கீரையை உப்பில்லாமல் அவித்து, சிறிதாக அரிந்து, கொஞ்சம்தான் கொடுக்கலாமாம். நாய் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது.

நம் ஜிம்மிக்குக் கீரைச் சுண்டல் மிச்சத்தை வைக்காதீர்கள் என்று தொலைபேசியில் சொன்னதற்கு, "ஓம் ஓம், நாய்க்கும் பத்தியமோ?" என்று சிரித்தீர்கள். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கடல் வந்த அன்று, கூரையில் நின்ற உங்களிடம் நம் மகள் முதலில் தூக்கித் தந்தது அந்த நாயைத்தான். அவளுக்கு நீங்கள் கை நீட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தந்ததற்காக ஒரு வெங்காயத்தை ஒதுக்க முடியாதா?

ஜிம்மியின் படம் ஒன்று அனுப்புங்கள். மேடம் கூப்பிடுகிறா.

கேதீஸ்வரி