ஏரிக்கரைச் சந்தை மூடவில்லையடி

இன்று வேலை முடிந்து வரும் ரயிலில், ஸ்டோவ்னரில் இறங்க மறந்து, கடைசி நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். காரணம் எஸ்தர். மலாவி ஏரிக்கரைச் சந்தையில் உனக்கும் எனக்கும் மீன் பொரித்துத் தந்த அதே எஸ்தர்தான். தொலைபேசியைத் தொலைத்துவிட்டு ஒன்றரை வருடமாகப் பேச்சுமூச்சில்லாமல் இருந்தவள், குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள். பின்னால் எண்ணெய் சடசடக்கிறது, யாரோ விலை கூவுகிறார்கள். இந்த மழைக்காலத்தில் பக்கத்து ஊரில் கொலரா வந்தும் தங்கள் சந்தையை மூடவில்லை என்கிறாள். ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த நோர்வேக்காரர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

நாம் இரண்டு ஒஸ்லோ தாதிமார், விடுமுறை எடுத்துக்கொண்டு கொலராத் தடுப்பு வேலைக்கு அங்கே போனோமே. அதற்கு முந்தைய மழையில் கொலரா வந்து, சந்தையை வாரக்கணக்கில் பூட்டியிருந்தார்கள். இன்னொரு தடவை பூட்டினால் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் என்றாள் எஸ்தர். தாதியாகுமுன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய நீ, மீன்காரிகளோடு முதல் நாளே ஒட்டிக்கொண்டாய். நானோ சுவரொட்டி ஒட்டினேன், கைகழுவக் குளோரின் தண்ணீர் வாளி வைத்தேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. குறிப்பேட்டில் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினேன்.

நீ அதை வாசித்துவிட்டு முறைத்தாய். "விழிப்புணர்வு உனக்குத்தான் இல்லை. அவையின்ரை கையைப் பிடிச்சுக் கதைச்ச உடனை போத்திலை எடுத்துக் கையைத் துடைக்கிறாய். அவைக்குக் கண் இல்லையோ?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பழக்கம், யாரைத் தொட்டாலும் என் கை கிருமிநாசினிப் போத்தலைத் தேடும். அவர்களுக்கு அது 'உன் கை ஊத்தை' என்று முகத்துக்கு நேரே சொன்னது போலிருந்திருக்கிறது. அந்த வாளியில் கழுவினால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றே விலகி நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் நீ வாளியை எஸ்தரின் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போனாய். விருந்துக்கு வந்தவர்களுக்கு நம் வீடுகளில் ஊற்றுவது போல, சாப்பிட வந்தவர்களின் கைகளுக்கு நீயே குவளையால் அந்தத் தண்ணீரை ஊற்றினாய். எஸ்தர் கைதட்டிச் சிரித்தாள். விருந்தாளியின் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வீட்டு வழக்கமும்தானாம். குவளையைப் பறித்து உன் கைக்கு ஊற்றினாள், பிறகு என் கைக்கு. நாம் புறப்பட்ட நாளில் மீன்காரிகள் முறை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மழை தொடங்கியபோது நீ நோயில் விழுந்திருந்தாய். போய்ப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: "சந்தை திறந்திருக்கோடி?"

"ஓம், திறந்திருக்கு" என்பேன்.

எஸ்தரிடமிருந்து ஒரு சொல்லும் வராத காலம் அது. எனக்கு ஒன்றும் தெரியாது. நீ நம்பினாய், அப்படியே போய்விட்டாய். கடைசிக் காலத்தில் உன்னை ஏமாற்றினேனோ என்று ஒரு வருடமாக மனம் அரித்துக்கொண்டிருந்தது.

இன்று பிளாட்ஃபாரத்தில் நின்றபடியே எஸ்தரிடம் கேட்டேன், போன மழைக்கு எப்படி என்று. உடனே பதில் வந்தது. அந்த மழைக்கும் ஒரு நாள்கூடப் பூட்டவில்லையாம்.

எடியே, நான் உனக்குச் சொன்னது உண்மைதான். சந்தை திறந்துதான் இருந்தது.