தெளிந்த தண்ணீர்

பாப்பா,

நேற்று எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பயிற்சி வகுப்பு; உன் வயதுப் பெண் ஒருவர் தண்ணீரில் கலக்கிற ரசாயனங்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். நான் கையைத் தூக்கி, "அந்த ஹார்மோனைக் கெடுக்கிற ரசாயனம் என்ன கலர் மேடம்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவ வகுப்பை இரண்டு தடவை படித்த உன் அப்பனுக்கு இது புதிதா என்ன!

"கலரும் இல்ல, வாடையும் இல்ல அங்கிள். மாத்திரை, சோப்பு, பிளாஸ்டிக்லேர்ந்து வருது. நம்ம தொட்டியில முழுசா நிக்காது. அதுக்கு கரி வடிகட்டி வேணும்."

"நம்மகிட்ட இருக்கா?"

"இல்ல லா அங்கிள்."

இருபத்தாறு வருடமாகச் சுத்திகரித்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் தூக்கிப் பார்த்து, 'தெளிவு' என்று கையெழுத்துப் போட்டு, கிள்ளான் ஆற்றில் விட்டவன் நான்.

"பிள்ளை உண்டாகறத பாதிக்குமா மேடம்?" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"மீனைப் பாதிக்குது. மனுசங்களுக்கு உறுதியாச் சொல்ல முடியாது அங்கிள்."

சாயங்காலம் நீ போன் செய்து, மூன்றாவது சிகிச்சையிலும் கரு தங்கவில்லை என்று அழுதாய். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிறுதோறும் ஆசையாகத் தின்ற மீனையெல்லாம், எங்கள் குழாய் ஆற்றில் விழுகிற இடத்தில்தான் தூண்டில் போட்டுப் பிடித்தேன்.

உன் அப்பா