மாமரத்துக்கு வைத்த உப்பு

ஆடி 12, திங்கள்
வெயில். காற்றே இல்லை. கடைசி ருமானி மாங்காயும் போன வாரமே இறக்கியாயிற்று. தோப்பில் இனி வேரைக் கவனிக்கும் வேலை. பாத்தி வெட்ட, எருவுக்குச் சொல்லி வைக்க. இவருக்கு வலிப்பு மாத்திரை.

நான் பழவேற்காடு போய் மாத்திரை வாங்கி வருவதற்குள் தனியாளாக எல்லாப் பாத்தியும் வெட்டிவிட்டார் மனுஷன். "இன்னாமே பாக்குற? எருவும் வெச்சி மண்ணும் மூடிட்டேன்!" வலிப்பு வந்து படகை விட்டதிலிருந்து இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோழி அடித்தேன்.

ஆடி 24, சனி
இலை ஓரமெல்லாம் கருகல். வெயில் என்று நினைத்தேன். பக்கத்து வயல்காரி தனம் வந்து பாத்தியைக் கிளறினாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, கருவாட்டு நாத்தம்?"

கழித்த கருவாடு. கூடவே கல்லுப்பு. மரத்துக்கு ஒரு கூடை. கேட்டால், "எங்க குப்பத்துல தென்னைக்கு அப்பிடித்தான் வெப்போம். உப்பு வெச்சாதான் காய்க்கும்" என்கிறார்.

தனம் தலையில் அடித்துக்கொண்டாள். "தென்னை தாங்கும்ணா. மாவுக்கு உப்பு ஆவாது. வேரு வெந்துடும்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது வசவு. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

ஆடி 25, ஞாயிறு
தோண்டி எடுத்தோம். சல்லிவேர் பழுப்பாக, தொட்டால் தோல் வழன்று கையோடு வருகிறது. உப்பு கீழே இறங்கிவிட்டது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டுமாம். எங்கே போவது? போர் தண்ணீர் கரிக்கிறது. மழை ஒன்றுதான் வழி என்கிறாள் தனம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நைனா எனக்குச் சீதனமாகக் கொடுத்த மரங்கள். அதுகூடப் பெரிதில்லை. இவரைக் கரையில் பிடித்து வைத்திருப்பதே இந்தத் தோப்புதான்.

ஆடி 29, வியாழன்
ஊர்க் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். ஒரு மரத்துக்கே போதவில்லை. குழாயடியில் ஏச்சு வேறு. "குடிக்கவே தண்ணி இல்ல, இவ மரத்துக்குத் தலைக்கு ஊத்துறா!" தோள்பட்டை கழன்றுவிடும் போல. இரண்டு மரம் மொட்டை.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்: "மரத்த நாந்தான் கொன்னேன். எங்கண்ணன் படகுல ஆள் கொறையுதாம். சனிக்கெழம போறேன்."

"நடுக்கடல்ல வலிப்பு வந்தா?"

"வராதுமே."

"டாக்டர் இன்னா சொன்னாரு? ஏறவே கூடாதுன்னாரு இல்ல?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். குழம்பு அப்படியே கிடக்கிறது.

ஆடி 30, வெள்ளி
அம்மனுக்குக் கூழ். வாய்விட்டே கேட்டேன்: ஆத்தா, மழையைக் கொடு, வேர் பிழைக்கட்டும், இவர் கரையில் இருக்கட்டும். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

ஆடி 31, சனி
விழித்தபோது அவர் இல்லை. கரைக்கு ஓடினேன். படகு போய்விட்டது.

மத்தியானம் மேற்கே கறுத்து, சூறைக்காற்றோடு மழை. கொட்டோ கொட்டென்று. பாத்தியெல்லாம் ரொம்பி வழிகிறது. தனம் வரப்பிலிருந்து கத்துகிறாள்: "அக்கா, வேரு பொழைச்சிக்கும்க்கா!"

இருட்டப் போகிறது. ஒரு படகும் திரும்பவில்லை. ஆத்தா, நிறுத்து. மரம் போனால் போகட்டும், நிறுத்து.