வெயில் மேல் போட்ட பழி

அப்பா,

இன்று காலை நம் கிணற்றடியில் மறுபடியும் அந்த மணம் வந்தது. நெருப்பில் இளகும் பிளாஸ்டிக் பைப்பின் மணம். தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் குழாய் வெடித்துவிட்டதென்று அம்மா குழாய் வேலை செய்யும் ஒரு பாஸைக் கூப்பிட்டிருந்தார். உங்களோடு கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்களில் மூன்று வருடம் குழாய் பொருத்தியவர்தான். ஒரு பைப்பின் வாயைச் சூடுகாட்டி மற்றதன் மேல் தள்ளிக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோன நான், சும்மா ஒரு கதைக்காகச் சொன்னேன்.

"அப்பாவுக்கு நான் செஞ்ச வேஷக் கவசமும் இந்தப் பைப்தான் பாஸ். தகரத்துக்கு மேல காயவச்சு, வெயில் பட்டுப் பட்டே பெருத்துப் போச்சுது."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வெயிலுக்குப் பைப் பெருக்காது தங்கச்சி. தட்டையாக்கின பைப் எண்டால், சூடு பட்டதும் பழைய வட்டத்துக்குத்தான் திரும்பப் பார்க்கும். இறுகுமே தவிரத் தளராது." பிறகு சிரித்துக்கொண்டே, "இத எனக்குச் சொல்லித் தந்ததே உங்கட அப்பாதானே" என்றார்.

தேநீரை அவர் கையில் கொடுத்தேனா, கீழே வைத்தேனா, நினைவில்லை. உள்ளே வந்து குசினியில் நின்றேன். அம்மா ஏதோ கேட்டார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

அந்தக் கவசத்தை முதலில் உங்களுக்காகவா வரைந்தேன்? இல்லையே. மாமாவின் மகனுக்காக வரைந்தது. கற்பனைப் பாத்திரங்களாக வேடம் போட்டு வரும் கொழும்புக் காஸ்பிளே விழாவுக்கு, நானே கற்பனை செய்த விண்வெளிக் காவலன். அகன்ற தோள், பெரிய மார்புத் தகடு, முழங்கால் வரை காப்பு. அவனோ அளவெடுத்த மறு மாதமே இத்தாலிக்கு ஏறிவிட்டான். நான் இரண்டு நாள் சோறு தின்னாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"என்ர நெஞ்சு காணாதா? கோயில் பாஸ்கா நாடகத்தில பதினொரு வருஷம் உரோமைச் சேவகனா நிண்டவன் நான்."

"அது காட்போட் மட்டை அப்பா. இது பிளாஸ்டிக். வெந்து போவீங்க."

"மட்டையில நிண்டவனுக்குப் பிளாஸ்டிக் பெரிய காரியமா?"

அம்மா தலையில் கைவைத்தார். வயசுபோன காலத்தில் இந்த மனிசனுக்கு வேஷம் கேட்குது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நீங்கள் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள். வேலைத்தளத்தில் மிஞ்சிய ஆறு அங்குலப் பைப்புத் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவீர்கள். நீளவாக்கில் அறுத்து, சூடுகாட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, பலகைக்கு மேல் நீங்களே ஏறி நிற்பீர்கள். உங்கள் பாரத்தில்தான் அது தகடாகும். பிறகு மறுபடி இளக்கி, கையுறையோடு உங்கள் மார்பிலேயே வளைத்து எடுப்போம். உள்ளே நாலு மடிப்புச் சாக்கு கட்டியிருந்தும் சுடும். ஒருமுறையாவது ஆ என்று சொன்னதில்லை.

முதல் தடவை பொருத்தியபோது அச்சு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் வார் பூட்டியதும் ஒரு விரல் நுழைய இடமில்லை. நான் கைதட்டினேன். நீங்கள் ஈட்டி பிடிக்கிற மாதிரி முற்றம் கூட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்தீர்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து போட்டுப் பார்ப்போம். இரண்டாம் தடவை விலாப் பக்கத்தில் என் கை போனது. மூன்றாம் தடவை மார்புத் தகடு வழுகி இடுப்பில் இடித்தது. எனக்கு எரிச்சல். பூச்சுக் காய்வதற்காகக் கொட்டிலின் தகரக் கூரையில் வைத்தோமே, அந்த வெயிலில்தான் விரிந்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன்.

"வெயில்தான் அப்பா, என்ன?"

"ஓம் மகள். வெயில்தான்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வெட்டவேண்டிய கோட்டை நீங்களே போட்டுத் தந்தீர்கள். நான் வெட்டினேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு நாடா. அடுத்த ஞாயிறு இன்னொன்று. அதற்கடுத்த ஞாயிறும். ஒருநாள் உங்களை அதட்டினேன்: "வயித்தை உள்ள இழுக்காதீங்க, நேரா நில்லுங்க, அளவு பிழைக்குது." நீங்கள் சிரித்து, "சரி, மூச்சை விடுறன், இப்ப பார்" என்றீர்கள். அப்போதும் தளர்வாகத்தான் இருந்தது.

நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? ஓரம் நேராக இருக்கிறதா, ஆணித்தலை தெரிகிறதா, வெள்ளிப் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கிறதா என்று. ஒரு சாண் தூரத்தில் உங்கள் கழுத்தெலும்பு எழும்பி நின்றதை நான் காணவில்லை. அம்மா கண்டார். "மனிசன் மெலிஞ்சு போறார்" என்றார். "இந்தப் பிளாஸ்டிக்கைப் போட்டு வியர்க்கிற வியர்வைக்கு யானையும் மெலியும்" என்று நீங்கள் அவர் வாயை அடைத்துவிட்டீர்கள். அதற்கு நான்தான் பலமாகச் சிரித்தேன்.

விழாவன்று உங்களோடு படம் எடுக்க வரிசை நின்றது. பரிசு கிடைக்கவில்லை. மேடையில் ஒலிவாங்கியை நீட்டி, நீங்கள் எந்தக் கிரகம் என்று கேட்டார்கள். தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "சிலாபம். இது என்ர மகள் செஞ்சது" என்றீர்கள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. திரும்பும் ரயிலில் கவசம் இரண்டு உரப்பையில் எங்கள் காலடியில் கிடந்தது. நீங்கள் என் தோளில் சாய்ந்தீர்கள். "அடுத்த முறையும் போவம் மகள்" என்று சொல்லி அப்படியே உறங்கிவிட்டீர்கள். என் தோளில் பாரமே தெரியவில்லை. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஐந்து வாரத்தில் ஆஸ்பத்திரி. "எப்ப இருந்து மெலியத் தொடங்கினவர்?" என்று டொக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான், "சரியாத் தெரியாது டொக்டர்" என்றேன். நான் சொன்னேன் அப்பா, நான். கொட்டிலில் ஒரு பைக்குள், ஞாயிறு ஞாயிறாக உங்களிலிருந்து வெட்டியெடுத்த நாடாக்கள் கிடக்கும்போது. நீங்கள் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பார்வைக்கு இன்றுதான் எனக்குப் பொருள் புரிகிறது.

பாஸ் போனதும் கொட்டிலைத் திறந்தேன். பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்துக் கேத்தலில் கொதித்த தண்ணீரை ஊற்றினேன். அது உயிர் வந்தது போல நெளிந்து, பழைய பைப்பின் வட்டத்துக்கே வளைந்தது. இறுகியது. முப்பது வருடம் பைப்போடு கிடந்தவருக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே வெயில் மேல் பழிபோட என்னை விட்டீர்கள். கொழும்புப் பயணம் நின்றுவிடும் என்ற பயமா? என் மூஞ்சி மறுபடி தொங்கும் என்ற பயமா? எனக்குக் கோபம் வருகிறது அப்பா. செத்துப்போன ஆளிடம் இப்படிக் கோபப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் வருகிறது.

பிறகு மார்புத் தகட்டை ஆணியிலிருந்து இறக்கினேன். விழா முடிந்து வந்து அதைத் தொங்கவிட்டது நீங்கள். நான் அதற்குப் பின் தொடவேயில்லை. உட்புறத்துப் பஞ்சு ஒரு பக்கம் கழன்றிருந்தது. அதை அமத்தி ஒட்டப் போனபோதுதான் கண்டேன். வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, புதிதாக ஒரு பென்சில் கோடு. மற்றப் பக்கத்திலும் அதேபோல. கோட்டுக்குக் கீழே உங்கள் கையெழுத்து: அடுத்த முறை.

தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். அடுத்த வருடம் இன்னும் மெலிந்திருப்பீர்கள் என்று தெரிந்து, அந்த உடம்புக்கும் முன்கூட்டியே அளவு போட்டு வைத்திருக்கிறீர்கள். அதுவும் இரண்டே விரல். அதற்குமேல் குறையாது என்று நம்பியிருக்கிறீர்கள்.

அந்தக் கோட்டில் நான் வெட்ட மாட்டேன். கொட்டிலின் தகரம் மத்தியானத்தில் கொதிக்கிறது, சூடு பட்டால் இறுகிவிடும் என்று இப்போது எனக்கும் தெரியும். ஆகவே தகட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, அலுமாரியில் உங்கள் சாரங்களை ஒதுக்கி அவற்றுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். உங்கள் நெஞ்சு கடைசியாக இருந்த அளவு அதில்தான் இருக்கிறது.