பூக்கொல்லைப் பிள்ளைகளின் கணக்கு

கீரமங்கலம்
7.8.2024

அன்புள்ள இலக்கியா,

நலமா? அறந்தாங்கித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? மாறுதல் வாங்கிக்கொண்டு போய் ஓராண்டாகிறது, ஒரு பொங்கல் வாழ்த்துகூட இல்லை. போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் உடனே தலைமையாசிரியையாகி அதட்டத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் தபால்.

பிள்ளைகளின் குடும்ப விவரங்களைக் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு. நம் நடுநிலைப் பள்ளியில் இப்போது அறுபத்திரண்டு பேர். பெற்றோரை ஒவ்வொருவராக வரவழைத்துக் கேட்டேன். எட்டாம் வகுப்பு அன்புச்செல்வியின் அம்மா இருளாயி சொன்னாள்: "விடியக்காலம் நாலு மணிக்கே நானும் புள்ளையும் பூக்கொல்லைக்குப் போயிருவோம் டீச்சர். மல்லிகை விரியிறதுக்குள்ள பறிக்கணும்ல. அங்கிட்டிருந்து அப்புடியே பள்ளிக்கூடத்துக்கு ஓடியாந்துரும்."

அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் பதினான்கு பேர், அதில் பதினொரு பேர் பூப்பறிக்கிறவர்கள். கணக்கில் தேறாதவர்களும் அதே பதினொரு பேர். அவர்கள் பெயரை 'மெல்லக் கற்போர்' என்று எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியவள் நான்.

முதல் பாடவேளையில் கணக்கு வேண்டாம், பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள் என்று நீ அன்றைக்கே சொன்னாய். "பாடம் நடத்தத் தெரியாதவங்கதான் டைம்டேபிளக் குறை சொல்லுவாங்க" என்று எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் உன்னை மட்டம் தட்டினேன். தப்பு என்னுடையது.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. தமிழ் படித்த நானே கணக்கு நடத்துகிறேன், நன்றாகச் சிரித்துக்கொள். பிப்ரவரியில் எட்டாம் வகுப்புக்கு உதவித்தொகைத் திறனறித் தேர்வு வருகிறது. நம் பள்ளியில் இதுவரை ஒருவர்கூட அதில் தேறியதில்லை. என்ன செய்யட்டும், சொல்.

அன்புடன்,
பரிமளா


அறந்தாங்கி
20.8.2024

மதிப்புக்குரிய மேடம்,

வணக்கம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், முதல் முறை கோபத்தோடு. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வீடு போய்ச் சேர்ந்தேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிள்ளைகள் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் சுவரில் ஒட்டிய தாளைக் கிழியுங்கள், அவர்கள் பார்க்கும்போதே. கணக்கைப் பதினொரு மணி இடைவேளைக்குப் பிறகு வையுங்கள். முதல் பாடவேளையில் தூங்குகிறவர்களை எழுப்பாதீர்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெரிய பிள்ளைகள் வெறும் வயிற்றோடு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இலக்கியா


கீரமங்கலம்
18.11.2024

அன்புள்ள இலக்கியா,

கிழித்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பூ வியாபாரி ரெங்கசாமியிடம் போய், "எங்க பிள்ளைக பறிச்ச பூவத்தானே ஏவாரம் பண்றீங்க?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து வாழைப்பழம் வருகிறது. காலாண்டுத் தேர்வில் பதினொரு பேரில் ஆறு பேர் கணக்கில் தேறினார்கள்!

ஆனால் போன வாரம் ஓர் அதிகாரி ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றார். ஐந்து பிள்ளைகள் தலையைச் சாய்த்து நல்ல தூக்கம். "இது பள்ளிக்கூடமா, சத்திரமா?" என்று விளக்கம் கேட்டார். பிப்ரவரித் தேர்வில் இவர்கள் தேறாவிட்டால் என் மேல் எந்த நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாய்க்கொழுப்புதான்.

பின்னம் வரை ஓட்டிவிட்டேன். இயற்கணிதம் என் கைக்கு அடங்கவில்லை. சனிக்கிழமைகளில் வந்து போக முடியுமா? கெஞ்சித்தான் கேட்கிறேன்.

பரிமளா


அறந்தாங்கி
25.11.2024

மேடம்,

இந்தச் சனிக்கிழமையிலிருந்து வருகிறேன். பிள்ளைகளுக்காக, உங்களுக்காக இல்லை. பத்து மணிக்கு முன்னால் யாரையும் வரச் சொல்லாதீர்கள். பறித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கி எழுந்து வரட்டும்.

இலக்கியா


கீரமங்கலம்
16.4.2025

என் அருமை இலக்கியா,

பத்துப் பேர்! பதினான்கு பேரில் பத்துப் பேர் தேறிவிட்டார்கள். அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர். அன்புச்செல்வி நம் ஒன்றியத்திலேயே முதல் மதிப்பெண். உனக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முடிவு வந்த மறுநாள் விடியும் முன்பே பூக்கொல்லைக்குப் போய்விட்டேன். பள்ளி திறக்கும் வரை யார் பொறுத்திருப்பது? வரப்பில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டேன். கண்ணன் குதித்த குதியில் பாதிக் கூடை மல்லிகை மண்ணில் கொட்டிவிட்டது. யாரும் திட்டவில்லை. பூப்பறிக்கிறவர்களில் தேறாத மூன்று பேரும் அங்கேதான் நின்றார்கள். ஆறுதல் சொல்ல நான் நெருங்கியபோது அவர்களில் எழிலரசன் முந்திக்கொண்டான்: "போன வருசம் கணக்குல ஏழு மார்க்குதான் டீச்சர். முழுப்பரீச்சையில அறுவது வாங்கிக் காட்டுறேன் பாருங்க."

விளக்கம் கேட்ட அதிகாரி போன் செய்து பாராட்டினார். மற்றப் பள்ளிகளுக்கும் காட்ட நம் கால அட்டவணை வேண்டுமாம். "அது இலக்கியா டீச்சர் போட்டது சார், அவங்களத்தான் கேக்கணும்" என்றேன். ஆசிரியர்கள் எல்லோரும் அறையில் இருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இருளாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எம்புள்ளையா? நல்லாப் பாத்தீகளா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு மகளின் இடுப்பிலிருந்த கூடையை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். "நாளையிலேருந்து நீ வர வேணாம். ஒன் பாத்தியையும் நானே பறிச்சுக்கிறேன். நல்லா வெளுக்குற வரைக்கும் தூங்கு" என்றாள். அந்தப் பெண் வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. நான் அழுதுவிட்டேன், இலக்கியா.

இடமாறுதல் கலந்தாய்வு வருகிறது. உன் இடம் காலியாகவே இருக்கிறது. மேற்கொண்டு கேட்க எனக்கு உரிமை இல்லை.

உன்,
பரிமளா


அறந்தாங்கி
9.7.2025

அன்புள்ள பரிமளா மேடம்,

கலந்தாய்வில் என் முறை வந்ததும் திரையில் நம் பள்ளியின் பெயரைப் பார்த்தேன். அந்தப் பதினான்கு பேரும் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போயிருப்பார்கள், ஆனால் பூப்பறிக்கிற தம்பி தங்கைகள் அங்கேதானே? "பஸ்ஸே சரியா கெடையாதேங்க, அங்க எதுக்குப் போறீங்க?" என்று பக்கத்து நாற்காலி டீச்சர் கேட்டார். "எம்புள்ளைக அங்கதான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்து சேருகிறேன். உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கிறது. அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
இலக்கியா